நாற்பத்து மூன்றாயிரம் ரூபாய்க்கு இரண்டு சொட்டு

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாச்சு. (ரிசல்ட் பற்றி யாரும் கேட்க வேண்டாம், நன்றி.) இன்றைக்கு எழுதப் போவது மலேரியா பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், மலேரியா ஒட்டுண்ணிக்குள் இருக்கும் ஒரு புரதத்தை அடையாளம் காட்டித் தரும் ஒரு திரவத்தைப் பற்றி. "பி.காம் படிக்கிற பயலுக்கு இதுல என்னடா வேலை?" என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வருவது கேட்கிறது. வேலை இருக்கிறது. கதை ஆரம்பிப்பதே ஒரு பில்லில்தான்.

என் பெரியம்மா பொண்ணு வெளியூரில் ஆராய்ச்சி மாணவி. எங்கே, எந்த லேப் என்பதெல்லாம் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு உத்திரமேரூர் வந்தவள், "டேய், கணக்குப் பிள்ளை! எங்க லேப் செலவையெல்லாம் எக்செல்ல ஒழுங்குபடுத்திக் குடுடா" என்று ஒரு கட்டு பில்லை மடியில் போட்டாள். கையுறை, பிளாஸ்டிக் குழாய், உப்பு, அமிலம் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி: ஆன்டிபாடி, 100 மைக்ரோலிட்டர், 43,000 ரூபாய்.

100 மைக்ரோலிட்டர் என்றால் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி விட்டால் இரண்டு சொட்டு. நமக்குத்தான் எதைப் பார்த்தாலும் பெருக்கிப் பார்க்கிற வியாதி ஆச்சே. ஒரு மில்லி நான்கு லட்சத்து முப்பதாயிரம், ஒரு லிட்டர் 43 கோடி. "அக்கா, இதை ஒரு குடம் வாங்கினா நம்ம ஊரையே வாங்கிடலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் குப்பிதான்டா என்னை அழ வச்சது" என்றாள்.

அந்த அழுகைக் கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், பொறுத்தருள்க.

1962. இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற விஞ்ஞானி பழ ஈக்களின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்த யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். மறுபடி பார்த்தால், குரோமோசோமில் சில இடங்கள் புதிதாக உப்பியிருக்கின்றன. சூடு பட்டதும் செல் அவசர அவசரமாக எதையோ தயாரிக்கிறது என்று பிற்பாடு புரிந்தது. அப்படித் தயாரான புரதங்களுக்குத்தான் 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்று பெயர். சுருக்கமாக எச்எஸ்பி. 70, 90 என்று பின்னால் வரும் எண்கள் அவற்றின் எடையைக் குறிப்பவை.

இவை என்ன செய்யும்? புரதம் என்பது மடித்து வைத்த புடவை மாதிரி. மடிப்பு சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். சூடு அதிகமானால் மடிப்பு கலையும். கலைந்ததைத் திரும்ப மடித்து வைப்பதும், புதிதாக வருவதை ஒழுங்காக மடிக்க உதவுவதும் எச்எஸ்பிகளின் வேலை. பாக்டீரியாவிலிருந்து நம் வரைக்கும் எல்லா உயிரிலும் ஏதோ ஒரு வகையில் இருக்கின்றன.

இப்போது மலேரியா ஒட்டுண்ணியை நினைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு வீடு. ஒன்று கொசு, வெளியே என்ன சூடோ அதுதான் உள்ளேயும். இன்னொன்று மனித உடம்பு, 37 டிகிரி செல்சியஸ். ஒரே கடியில் அங்கிருந்து இங்கே வந்துவிடுகிறது. வந்த பிறகும் நிம்மதி இல்லை. காய்ச்சல் ஏறும்போது 40, 41 என்று போகிறது, அப்புறம் இறங்குகிறது, இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறுகிறது. எச்எஸ்பி இல்லாமல் அது பிழைக்க முடியுமா?

இதை நம்ம பக்கத்து மாநிலத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உத்பல் டாட்டுவின் ஆய்வுக்குழு 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. எச்எஸ்பி90ஐ ஜெல்டானமைசின் என்ற மருந்தால் முடக்கினால், மனித சிவப்பணுவுக்குள் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி வளர்வது நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். 2004இல் இன்னொன்று: விட்டு விட்டு வரும் காய்ச்சல் அந்த ஒட்டுண்ணியின் வளர்ச்சிக்கு உதவியாகவே இருக்கிறது! கிருமியைக் கொல்ல உடம்பு அடுப்பு மூட்டுகிறது, கிருமி அதில் குளிர் காய்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

சரி, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். சூடு ஏற்றினால் ஒட்டுண்ணியின் எச்எஸ்பி கூடுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? அங்கேதான் நம்ம இரண்டு சொட்டு வருகிறது.

ஆன்டிபாடி என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த எதிர்ப்பொருள்தான். அந்நியப் பொருள் உடம்புக்குள் நுழைந்தால் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள ரத்தத்தில் உருவாவது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிப் பாம்புப் பண்ணைக்கு ஸ்கூல் டூர் போயிருப்பீர்களே? அதை நடத்துவது 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். (அப்போது செங்கல்பட்டு மாவட்டம், பிறகு காஞ்சிபுரம் மாவட்டம், 2019இலிருந்து மறுபடி செங்கல்பட்டு மாவட்டம்.) அங்கே எடுக்கும் விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் குதிரைக்கு ஏற்றினால் குதிரையின் ரத்தத்தில் விஷத்துக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தால் பாம்புக்கடி மருந்து.

ஆராய்ச்சி ஆன்டிபாடியும் அதே கணக்குதான். விஷத்துக்குப் பதில் ஒட்டுண்ணியின் புரதம் அல்லது அதில் ஒரு துண்டு, குதிரைக்குப் பதில் பெரும்பாலும் முயல். சில வார இடைவெளியில் பல ஊசிகள், பிறகு ரத்தம் எடுத்துப் பிரித்தால் ஆன்டிபாடி. ஒரு முயலின் ஆன்டிபாடி அதே புரதத்துக்கு எதிராக இன்னொரு முயலில் உண்டானது மாதிரியே இருக்காது. இந்தத் தொல்லை இல்லாமல் ஒரே மாதிரி ஆன்டிபாடியை விடாமல் தயாரிக்க 1975இல் கோலர், மில்ஸ்டைன் இருவரும் வழி கண்டுபிடித்து, 1984இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆனாலும் முயல் ஆன்டிபாடிகளுக்கு இன்னும் மார்க்கெட் இருக்கிறது. முயலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சோதனை இப்படி. ஒட்டுண்ணி இருக்கும் ரத்தச் செல்களை உடைத்து, புரதங்களை எடை வாரியாக ஒரு ஜெல்லில் ஓடவிட்டு, ஒரு தாள் போன்ற சவ்வுக்கு மாற்றி, அதன் மேல் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். தன் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு பட்டை தெரியும். புரதம் அதிகம் இருந்தால் பட்டை அடர்த்தி. இதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். (சதர்ன் என்பவர் 1975இல் டிஎன்ஏவுக்கு ஒரு முறை கண்டுபிடித்ததால் அது சதர்ன் பிளாட் ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் விளையாட்டாகத் திசைகளைப் பெயராக வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளும் மொக்கை போடுவார்கள் என்பதற்கு ஆதாரம்.)

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஒட்டுண்ணி குடியிருப்பது மனிதனின் சிவப்பணுவுக்குள். அந்தச் சிவப்பணுவுக்குள் மனித எச்எஸ்பிகளும் இருக்கின்றன. இரண்டும் பங்காளிகள். கோடிக்கணக்கான வருடங்களாகப் பெரிதாக மாறாமல் வந்த புரதம் என்பதால் ஒட்டுண்ணியின் எச்எஸ்பி70உம் நம்முடைய எச்எஸ்பி70உம் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. எடையும் கிட்டத்தட்ட அதேதான். புரதத்தை எழுத்துகளாக எழுதினால், மனித எச்எஸ்பி70இன் கடைசி நான்கு எழுத்து இ-இ-வி-டி. ஃபால்சிபாரத்தின் முக்கியமான எச்எஸ்பி70இல் இ-இ-வி-என். அண்ணன் தம்பிக்குள் மீசை வித்தியாசம் மாதிரி.

ஆகவே ஒரு ஆன்டிபாடி தனக்கு வேண்டியவனைப் பிடித்தால் மட்டும் போதாது. அவன் பங்காளியைப் பிடிக்காமல் விட வேண்டும். 43,000 ரூபாய் அந்த விடுகிற குணத்துக்குத்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அக்காவிடம் இரண்டு குப்பி இருந்தன. ஒன்று அவள் சேர்ந்த புதிதில் வாங்கியது. அதை ஒழுங்காகச் சோதித்திருந்தாள். ஒட்டுண்ணியே இல்லாத நல்ல ரத்தத்தை ஒரு வரிசையில் ஓடவிட்டுப் பார்த்தாள், பட்டை வரவில்லை. ஒட்டுண்ணி உள்ள ரத்தத்தில் வந்தது. 41 டிகிரியில் வைத்தால் பட்டை அடர்த்தியானது. எல்லாம் சரி. குப்பி தீர்ந்ததும் இரண்டாவது வாங்கினார்கள். அதே கம்பெனி, அதே கேட்லாக் நம்பர், அதே விலை. லாட் நம்பர் மட்டும் வேறு. அதாவது, முயல் வேறு.

இந்த முறை நல்ல ரத்த வரிசையை அவள் போடவில்லை. ஏற்கெனவே சோதித்ததுதானே என்று விட்டுவிட்டாள். ஜெல்லில் இருப்பது பத்துப் பதினைந்து இடம், ஒவ்வொரு இடமும் காசு. ரிசல்ட் வந்தது. ஆச்சரியமான ரிசல்ட்: 41 டிகிரியில் வைத்தாலும் பட்டை கூடவில்லை! ரத்தம் கொடுத்தவர்கள் மாறியதால் இருக்குமோ, ஒட்டுண்ணி சூட்டுக்குப் பழகிவிட்டதோ என்று விதவிதமாக விளக்கம் யோசித்து, திரும்பத் திரும்பச் செய்து, ஐந்து மாதம். ஒரு கட்டுரையே பாதி எழுதியாகிவிட்டது.

ஒரு நாள் ஜெல்லில் ஒரு இடம் காலியாக இருந்தது. சும்மா விடுவானேன் என்று நல்ல ரத்தத்தை அதில் போட்டாள். ராத்திரி பதினொரு மணிக்குப் படம் எடுத்துப் பார்த்தால், ஒட்டுண்ணியே இல்லாத அந்த வரிசையிலும் அதே உயரத்தில் அதே பட்டை.

புரிகிறதா? ஐந்து மாதமாக அவள் அளந்தது ஒட்டுண்ணியை அல்ல, மனித எச்எஸ்பியை. அது ஏன் சூட்டில் கூடவில்லை என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. முதிர்ந்த மனித சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, புதுப் புரதம் தயாரிக்கவே முடியாது. எத்தனை டிகிரி சூடு காட்டினாலும் இருப்பது இருந்தபடிதான் இருக்கும். "இது பிளஸ் டூ பாடம்டா. பிளஸ் டூ பாடத்துல கோட்டை விட்டேன்" என்றாள்.

அந்த ராத்திரி அவள் போன் பண்ணியது எனக்கு. பெரியம்மாவுக்குப் பண்ண முடியாது. வீட்டில் ஏற்கெனவே "படிச்சது போதும், வயசு ஆகுது, வரன் வந்திருக்கு" என்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் வீண் என்று தெரிந்தால் அதுவே சாக்காகிவிடும். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஒன்று சொன்னாள், அதுதான் என் மனதில் நின்றுவிட்டது. "தம்பி, இந்தப் படத்தை அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது. அந்த வரிசையைப் போடணும்னு என்னை யாரும் கேக்கல. இனிமேலும் கேப்பாங்களான்னு தெரியல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அக்கா, தூங்கிட்டுக் காலைல யோசி" என்று மட்டும் சொன்னேன். காலையில் அவள் படத்தை எடுத்துக்கொண்டு நேராக கைடிடம் போய்விட்டாள். அவர் கத்தவில்லையாம். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "கட்டுரையை நிறுத்து. முதல் குப்பியில் செய்ததும் சரிதானா என்று மறுபடி பார்" என்றாராம். (அது சரியாகத்தான் இருந்தது. பெருமாள் காப்பாற்றினார்.)

பெருமாள் என்றதும் ஊர் ஞாபகம். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். முப்பது குடும்பு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பது என்பது வரைக்கும்தான் நமக்குத் தெரியும். யாருடைய பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியலும் அதில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல: அவருடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மச்சான், மருமகன் என்று போய்க்கொண்டே இருக்கும். அதாவது, அக்கா அன்றைக்குக் கணக்குக் காட்டாமல் விட்டிருந்தால், அவள் சித்தி பிள்ளையான என் பெயரையும் குடத்தில் போட முடியாது!

சிரிப்புக்குச் சொன்னாலும், அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. சரியான ஆளைத் தேடுவதில் பாதி வேலை, அவனைப் போலவே இருக்கிற, அவனோடு ஒட்டியிருக்கிற மற்றவர்களை ஒதுக்குவது. மீதிப் பாதி, கணக்கைக் காட்டுவது.

அக்கா ஒருத்திக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை இது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 65 மனிதப் புரதங்களுக்காகச் சந்தையில் விற்கும் 614 ஆன்டிபாடிகளை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். குறிப்பிட்ட புரதத்தைத் தயாரிக்காதபடி மாற்றிய செல்லை ஒரு பக்கமும் சாதாரண செல்லை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்ப்பதுதான் முறை. பல ஆன்டிபாடிகள் தேறவில்லை. தேறாதவற்றில் சிலவற்றைக் கம்பெனிகளே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. தேறாததை வைத்து எழுதிய கட்டுரைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மலேரியாவில் இன்னும் கஷ்டம். எச்எஸ்பி90 போன்றவை இல்லாவிட்டால் ஒட்டுண்ணியே செத்துவிடும் என்பதால் 'அந்தப் புரதம் இல்லாத ஒட்டுண்ணி' என்று ஒன்றை வைத்து ஒப்பிட முடியாது. அதனால்தான் அந்த நல்ல ரத்த வரிசைக்கு அவ்வளவு மதிப்பு.

"ஒரு பட்டை தப்பா வந்தா என்ன குடி முழுகிடும்?" என்றும் கேட்டேன். அக்கா ஜெல்டானமைசினைத்தான் உதாரணம் சொன்னாள். ஒட்டுண்ணியை நிறுத்திய அதே மருந்து மனித எச்எஸ்பி90ஐயும் பிடிக்கும், கல்லீரலையும் கெடுக்கும். அதனால் அப்படியே நோயாளிக்குக் கொடுக்க முடியாது. ஒட்டுண்ணியுடையதை மட்டும் பிடித்து மனிதனுடையதை விட்டுவிடும் மருந்து வேண்டும். அதைத் தேடுகிறவர்கள் இந்தப் பட்டைகளை நம்பித்தான் தேட வேண்டும். லேபில் பங்காளியைத் தெரியாமல் பிடித்தால் ஐந்து மாதம் போகும். மருந்து அப்படிப் பிடித்தால் போவது நோயாளியின் உடம்பு.

இனி என் கணக்கு. காலேஜ் நேரம் போக நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எடுபிடி. ஒரு அரிசி மில்லுக்கு ஸ்டாக் பார்க்க அனுப்பினார்கள். நல்ல வெயில், குடோனுக்குள் மூச்சு முட்டியது. முன் வரிசை மூட்டைகளை எண்ணினேன், பின்னால் அடுக்கியிருந்ததை எண்ணவில்லை. மில்லில் கொடுத்த எண்ணை அப்படியே எழுதி டிக் போட்டு வந்துவிட்டேன். போன வருஷமும் சரியாகத்தானே இருந்தது! அக்காவின் போன் வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து.

மறுநாள் சீனியரிடம் போய், "அண்ணே, பின் வரிசையை நான் எண்ணலண்ணே" என்றேன். முறைத்தார். "போய் எண்ணிட்டு வா" என்றார். சைக்கிளில் போய் எண்ணினேன். கணக்கு சரியாகவே இருந்தது, ஒரு மூட்டை கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நான்கு நாளும் என் டிக்குக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அக்கா இப்போது மூன்றாவது குப்பியில் இருக்கிறாள். வந்த அன்றைக்கே முதல் ஜெல்லில் முதல் இடத்தில் நல்ல ரத்தத்தைப் போட்டாளாம். பட்டை வரவில்லை. அந்தப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள், ஒன்றுமே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம். இவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்கு ஒரு வெற்றுப் படத்தை அனுப்பியதில்லை.

டிஸ்கி: அக்காவிடம் படித்துக் காட்டி, அனுமதி வாங்கிய பிறகே வெளியிடுகிறேன். புடவை உதாரணத்துக்கு மட்டும் "பரவாயில்லை, ஆனா புடவை தானா மடிஞ்சுக்காது, புரதம் பல நேரம் தானா மடிஞ்சுக்கும்" என்று திருத்தம் சொன்னாள். திருத்தமும் கணக்கில் சேர்க்கப்பட்டது.